சொல்லை எடுத்தார், சொன்னவரை விட்டார்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்துப் பழமொழித் தொகுப்பு முறைக்கு ஒரு மறுப்பு

பழமொழி தொகுத்தல் தமிழரிடையே எவருக்கும் எளிதிற் கைவரும் தமிழ்த் தொண்டாகிவிட்டது. பாடசாலைப் போட்டியிலே நூறு பழமொழி எழுதிய மாணவனுக்குப் பரிசு கிடைக்கிறது. சங்க மலர்களிலே கட்டுரை முடிந்து எஞ்சும் வெற்றிடத்தை நிரப்பப் பத்துப் பழமொழிகள் உதவுகின்றன. நாட்காட்டித் தாளின் அடியில் நாளுக்கு ஒன்று அச்சாகிறது. கைத்தொலைபேசியிலே விடியற்காலைதோறும் யாரோ ஓர் அறிஞரின் பெயரைச் சுமந்துகொண்டு, அவர் சொன்னாரோ சொல்லவில்லையோ என்ற ஆராய்ச்சிக்கு இடமின்றி, ஒரு பொன்மொழி வந்து சேர்கிறது. எண்ணிக்கை பெருகப் பெருகத் தொகுப்பாளரின் புகழும் பெருகுகிறது. ஆயின், இத்தொகுப்புகளைப் புரட்டுவோர் ஒரு வினாவுக்கு மட்டும் விடை காணமாட்டார்கள். இவற்றைச் சொன்னவர் யார்? எவரிடம், எந்த வேலையின் நடுவே, எதற்காகச் சொன்னார்? இவ்வினாவைக் கைவிட்ட தொகுப்பு எத்துணைப் பெரிதாயினும் மக்களின் சிந்தனையைக் காப்பதாகாது. அது சிந்தித்த மக்களை மறைத்து, அவர்களது சொல்லை மட்டும் உரிமை கொண்டாடுவதாகும்.

இக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தைவிடச் சிறந்த உரைகல் கிடைப்பதரிது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாய் நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகச் சிலாபம் வரையுள்ள இக்கரையிலே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர்; திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பெயர் பெற்ற உடப்பின் இந்துக்கள் வாழ்கின்றனர்; தமிழும் சிங்களமும் கலந்து பேசும் கத்தோலிக்கர் வாழ்கின்றனர். மீன்பிடியும் உப்பு விளைத்தலும் இக்கரையின் தொன்மையான தொழில்கள். மூன்று சமயமும் இரு மொழியும் கடின உழைப்பும் சந்திக்கும் இடத்திலே நகைச்சுவையும் கூர்மையும் பொருந்திய பேச்சு விளைவது இயல்பு. எனினும் தமிழ்ப் பழமொழித் தொகுப்பின் வரலாற்றிலே இக்கரைக்கு உரிய இடம் கிடைத்ததில்லை.

இவ்வரலாறு சிந்திக்கத்தக்கது. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்து, சிலாபத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்து, 1860இல் மறைந்த சைமன் காசிச்செட்டி இம்மண் ஈன்ற பேரறிஞர். 1834இல் இலங்கையின் இடங்களையும் மக்களையும் விவரிக்கும் பெருநூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த அவரது ‘தமிழ் புளூட்டாக்’ தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை ஆங்கிலம் அறிந்தோர்க்கு எடுத்துரைத்தது. தமிழிலே புலவர் பரம்பரை ஒன்றுண்டு என்பதை ஐரோப்பியருக்கு நிறுவ வேண்டிய காலம் அது. ஆகவே அவரது தெரிவு குறைகூறத்தக்கதன்று. குறைகூறத்தக்கவர்கள் அவருக்குப் பின் வந்தோரே. புலவரைத் தொகுத்தவரைப் போற்றினர். அவர் பிறந்த கரையிலே வலையிழுத்தும் உப்பு வாரியும் பேசியோரைத் தொகுக்க முனையவில்லை.

பழமொழிகளை அச்சேற்றிய பணியில் முன்னின்றோர் பெரும்பாலும் கிறித்தவப் பாதிரிமாரே. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய வெசுலியப் பாதிரியார் பீற்றர் பேர்சிவல் 1840களில் அங்கேயே ஒரு தொகுப்பை வெளியிட்டார். பின்னர் 1874இல் சென்னையில் வெளிவந்த அவரது விரிந்த பதிப்பிலே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. 1894இல் ஜோன் லாசரஸ் பழமொழி அகராதியொன்றை அளித்தார். 1897இல் தேனிஷ் பாதிரியாரான ஹேர்மன் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வகைப்படி பிரித்து வெளியிட்டார். தமிழைக் கற்று மக்களிடையே சமயம் பரப்ப வந்தோருக்கு இத்தகைய கையேடுகள் தேவைப்பட்டன. அவற்றை அவர்கள் உழைத்துத் தேடிக்கொண்டனர். ஜென்சனேனும் ஒரு பழமொழி எதனைக் குறித்துச் சொல்லப்படுகிறது என்று வினவினார். அவருக்குப் பின் வந்த தமிழர் தொகுப்புகளிற் பல அவ்வினாவையும் கைவிட்டு, அகரவரிசை என்னும் எளிய வழிக்கே திரும்பிச் சென்றமைதான் வியப்பு. அந்நியர் தம் தேவைக்கு அமைத்த ஏணியை உரியவர்கள் வீட்டுக் கூரையென்று எண்ணிக்கொண்டனர்.

அகரவரிசை செய்யும் கேட்டினை உப்பைக் கொண்டே விளக்கலாம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழி ஏறத்தாழ எல்லாத் தொகுப்புகளிலும் உகரத்தின் கீழ் நிற்கும்; பொருள்வகைத் தொகுப்பாயின் ‘நன்றியறிதல்’ என்ற தலைப்பின் கீழ் நிற்கும். சோறிட்டவனுக்கு உண்டவன் கடமைப்பட்டவன் என்பதே அதன் பொருளென எழுதிவிட்டு உரைகாரர் மேலே செல்வர். ஆனால், புத்தளத்து உப்பளத்திலே வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளி அதனைச் சொன்னால், உப்பிட்டவர் யார், நினைக்க வேண்டியவர் யார்? நாட்டின் சோற்றுக்கெல்லாம் உப்பிட்டவன் அவனே. பழமொழி அவன் வாயில் நன்றியுரையாக நில்லாது. கணக்குக் கேட்கும் குரலாக மாறும். பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமையாயிருந்தது. களப்போரத்தில் தானாக விளைந்து கிடந்த உப்பைத் தன் கறிக்கு அள்ளிய ஏழையும் சட்டத்தின் முன் குற்றவாளியானான். அக்காலத்து அதிகாரி ஒருவர் ‘உப்பிட்டவரை நினை’ என்று சொல்வதும், உப்பு அள்ளியதற்காகத் தண்டம் கட்டியவன் அதையே திருப்பிச் சொல்வதும் ஒன்றாகுமா? எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு. தொகுப்பிலே எழுத்து மட்டும் எஞ்சுகிறது.

பிறிதோர் எடுத்துக்காட்டு: ‘மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது.’ உள்நாட்டிலே இது துரதிட்டக்காரனைப் பார்த்துச் சிரிக்கும் சொல். உப்பளத்திலோ இது தொழிலின் இயல்பைக் கூறும் உண்மைச் செய்தி. உழவன் இரு கை கூப்பி வரவேற்கும் மழை, பாத்தியில் உறைந்துவரும் உப்பைக் கரைத்துவிடுகிறது. மழையால் விளைச்சல் குன்றியமையால் 2025ஆம் ஆண்டில், கடல் சூழ்ந்த இலங்கை இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஒரே மழை ஒருவனுக்கு வாழ்வும் மற்றவனுக்குக் கேடுமாகும் சமுதாயத்திலே, ‘மழையைப் பற்றிய பழமொழிகள்’ என்று ஒரு தலைப்பிட்டு அனைத்தையும் ஒரே பைக்குள் போடுவது ஆராய்ச்சியன்று.

உப்பிலிருந்து கடலுக்குச் செல்லினும் நிலைமை இதுவே. ‘அலை ஓய்ந்த பிறகுதான் தலை முழுகுவதா?’ என்று காலந்தாழ்த்துவோனைக் கேலி செய்வர். அலை ஒருபோதும் ஓயாது என்பது இக்கேலியின் அடிப்படை. கரையில் நின்று கடலைக் கண்டோருக்கு அது சரி. கடலிலே சீவிக்கும் மேற்குக் கரையானுக்கு அலை ஓயும் காலமும் உண்டு, ஓயாத காலமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். அக்காலத்திலே மேற்குக் கரை மீனவர் பலர் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்கும் வடகிழக்குக் கரைக்கும் பெயர்ந்து, அங்கே வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். அலைக்காகக் காத்திருத்தல் அவர்கட்குச் சோம்பலன்று, தொழிலறிவின் பாற்பட்டது. இப்பழமொழியைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்களாயின் எதைக் கண்டு சிரிப்பார்கள்? சோம்பேறியைக் கண்டா, கடலறியாது கடலைப் பற்றிப் பழமொழி கட்டியவனைக் கண்டா? இதனைக் கேட்டறிந்தவனே தொகுப்பாளன் என்ற பெயருக்கு உரியவன்.

கரைவலைத் தொழிலிலே வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டி பெரும் பங்கு பெறுவார். அம்பாப் பாடி வலையிழுத்தோர் எஞ்சியதை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்வர். ‘உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்ற வயற்புறத்துப் பழமொழி இத்தகைய கரையிலே எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சம்மாட்டி சொன்னால் அது ‘கணக்குக் கேளாதே’ என்னும் கட்டளை. வலையிழுப்பவன் சொன்னால் ‘கணக்குப் பார்த்தாயிற்று’ என்னும் அறிவிப்பு. தொகுப்பாளரோ பெரும்பாலும் சம்மாட்டி வீட்டுத் திண்ணையில் விருந்தினராய் அமர்பவர்; பள்ளிவாசல் நிர்வாகியையோ கோயில் தருமகர்த்தாவையோ பங்குத் தந்தையையோ முதலிற் சந்திப்பவர். ஆகையாற் கட்டளை அவர் ஏட்டில் ஏறுகிறது, அறிவிப்பு ஏறுவதில்லை. பின்னர் அவ்வேட்டைக் கொண்டு, ‘தமிழ் உழைப்பாளி தன் நிலையில் மனநிறைவு கண்டவன்’ என்று முடிவும் கட்டப்படுகிறது.

அரசியல் என்று வரும்போது இக்குறை அநீதியாகவே மாறிவிடுகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் இழந்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளத்தையும் கற்பிட்டியையும் வந்தடைந்தனர். கரையோரத்து மக்கள் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தனர். ஆண்டுகள் பல சென்றபோது நிலத்துக்கும் நீருக்கும் வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி எழுந்ததும் உண்மை. இச்சூழலிலே ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழியை வைத்துப் பார்க்க வேண்டும். ஊரவர் ஒருவர் அதனைச் சொன்னால் அது ஒரு மனத்தாங்கல். முகாமிலே பிறந்து வளர்ந்த ஒருவர் தம்மைக் குறித்தே சொன்னால் அது நெஞ்சைக் கீறும் நகை. வடக்கில் இழந்த வீட்டைக் கண்டு திரும்பிய முதியவர் சொன்னால், தம் ஊரிலும் தாம் மூன்று நாள் விருந்தாளியே என்ற துயரம். தொகுப்பாளர் அதனை ‘விருந்தோம்பல்’ என்ற தலைப்பின் கீழ் எழுதி, ‘விருந்தினர் நெடுநாள் தங்கலாகாது’ என்று பொருளுரைத்தால், முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று அந்த ஒரு வரியிலே புதைக்கப்படுகிறது. அறியாமையாற் செய்தாலும் புதைத்தல் புதைத்தலே.

பழையதையே தொகுப்பது என்ற விரதமும் இத்துடன் சேர்ந்த குற்றமாகும். பாட்டன் சொன்னதே பழமொழி, பேரன் சொன்னது வெறும் பேச்சு என்ற எண்ணம் தொகுப்பாளரிடையே வேரூன்றியிருக்கிறது. 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2018, 2019ஆம் ஆண்டுகளில், கொழும்பின் குப்பையைப் புத்தளத்து அறுவாக்காட்டிலே கொட்டும் திட்டத்தை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தனர். தலைநகருக்கு வெளிச்சம் அனுப்பும் மாவட்டம் தலைநகரின் குப்பையைப் பெற்றுக்கொள்ளும் நிலையிலே மக்கள் வாய் வாளாதிருப்பரோ? பதாகையிலும் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் எழுந்த கூர்மையான சொற்கள், அடுத்த தலைமுறைக்குப் பழமொழியாக வேண்டியவை. அவை இன்று எழுதப்படாவிடின், நாளை ‘புத்தளத்தார் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை’ என்ற சரித்திரமே எழுதப்படும்.

தொகுப்போரை அடுத்துத் திருத்துவோர் என்றொரு கூட்டம் உண்டு. ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதை இவர்கள் ஏற்பதில்லை. அது மண் குதிரையன்று, ஆற்றின் நடுவே மணல் சேர்ந்த திட்டாகிய ‘மண் குதிர்’ என்பர். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பதன் திரிபென்பர். இத்திருத்தங்களின் அடியிலே கிடப்பது மொழியறிவன்று. பாமர மக்கள் நகையாடத் தெரியாதோர், தவறாகவே பேசுவோர் என்ற இறுமாப்பு. ஐயனார் கோயில் முன்றிலில் நிற்கும் சுடுமண் குதிரை மீதேறி ஆற்றைக் கடக்கப் புறப்பட்டவனைக் கற்பனை செய்து சிரித்த மனத்தை, மணல் திட்டைக் காட்டி அடக்கிவிடுகின்றனர். வைத்தியனைக் கிண்டல் செய்த துணிவை மூலிகைப் பாடமாக்கிவிடுகின்றனர். ‘பெண் புத்தி பின் புத்தி’ என்ற இழிவுரைக்கும் ‘பின் வருவதை முன்னறியும் புத்தி’ என்று பூச்சுப் பூசுகின்றனர். இப்பூச்சு பெண்ணை உயர்த்துவதில்லை. அவளை இழிவு செய்த சமுதாயத்தைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. இழிவுரையை இழிவுரையாகவே பதிந்து, அதற்குப் பெண்கள் என்ன மறுமொழி சொன்னார்கள் என்று கேட்பதே நேர்மையாகும். கருவாடு காயப்போடும் வெளியிலே பெண்கள் தமக்குள் ஆண்களைப் பற்றிச் சொல்லும் சொற்களை, தேநீர்க் கடையிலே ஆண்களோடு மட்டும் அமர்ந்த தொகுப்பாளர் எங்ஙனம் கேட்டிருக்க முடியும்?

மொழித் தூய்மை பேசுவோரும் இவ்வழியே பிழை செய்கின்றனர். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கரையிலே ஒரு காலத்தில் தமிழ் வழங்கிய கத்தோலிக்க ஊர்கள் பல, பாடசாலையின் போதனா மொழி சிங்களமாக மாறியதோடு தலைமுறை தலைமுறையாகத் தமிழை இழந்தன. நீர்கொழும்பு மீனவர் சிலரிடையே வழங்கும் தமிழ், சிங்களத்தோடு நெருங்கிப் பழகித் தன் இலக்கண அமைப்பையே மாற்றிக்கொண்டமையை மொழியியலாளர் ஆராய்ந்துள்ளனர். அத்தகைய தமிழிலே சொல்லப்பட்ட பழமொழி ‘கொச்சை’ என்று ஒதுக்கப்படுகிறது. முஸ்லிம்களின் பேச்சிலுள்ள அறபுச் சொல் ‘தமிழாக்கம்’ செய்யப்படுகிறது. சொன்னவரின் வரலாறே அச்சொற்களில்தான் உறைந்திருக்கிறது. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியிலே ஆபிரிக்க வழிவந்த மக்கள் வாழ்கின்றனர். அவர்களது முன்னோரின் போர்த்துக்கேய மொழி அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்து, ‘மாஞ்சா’ என்னும் பாடல்களிலே எஞ்சி நிற்கிறது. ஒரு மொழி கரையும்போது ஒலி எஞ்சலாம். அதனை வழங்கிய வாழ்க்கையின் பொருள் எஞ்சுவதில்லை. இக்காட்சியைக் கண்முன் கண்ட மாவட்டத்திலும் ஒலியை மட்டும் சேர்ப்பதே பணியென்று கொள்வது பேதைமை.

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படலாம். பழமொழி பெயரற்றது, எவர்க்கும் எக்காலத்துக்கும் பொதுவானது, அதனை ஒரு சந்தர்ப்பத்தோடு பிணைப்பது அதன் பெருமையைக் குறைப்பதாகும் என்பது முதலாவது. பொதுமை என்பது வானிலிருந்து இறங்கியதன்று. எண்ணற்ற சந்தர்ப்பங்களிலே பயின்று பயின்று விளைந்தது. சந்தர்ப்பங்களை அறியாதவன் பொதுமையையும் அறியான். முன்றுறை அரையனாரின் ‘பழமொழி நானூறு’ம் பழமொழிகளைத் தனியே அடுக்கவில்லை, வெண்பாதோறும் ஒரு கருத்தோடு பொருத்தியே அமைத்தது. பண்டைப் புலவனுக்கு இருந்த இவ்வறிவு பட்டம் பெற்றோர்க்கு இல்லாது போதல் தகுமோ?

சொன்னவரைக் குறித்தால், சம்மாட்டியையோ அரசியல்வாதியையோ பழித்தவருக்குத் தீங்கு நேருமே என்பது இரண்டாவது. இத்தடை மதிக்கத்தக்கது, ஆயின் இதற்கு விடையும் எளிது. பெயர் வேண்டியதில்லை. தொழில், வயது, ஆணோ பெண்ணோ, சொன்ன இடம், கேட்டவருடன் உள்ள உறவு, சந்தர்ப்பம் என்பவையே வேண்டும். அவற்றையும் ஆளை இனங்காணா வண்ணம் பொதுப்பட எழுதலாம். ஆளை மறைப்பது காப்பு. நிலையை மறைப்பது திருட்டு.

முதலிற் சொற்களைக் காப்போம், பொருளைப் பின்னர் பார்ப்போம் என்பது மூன்றாவது. சொற்களிற் பல்லாயிரம் 1874இலேயே காக்கப்பட்டுவிட்டன. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அப்பட்டியல்களையே மீண்டும் படியெடுப்பதற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுவதில்லை. இன்று மறைந்துகொண்டிருப்பவை சொற்களைவிட அவற்றின் வழக்குகளே. கரைவலையை இயந்திரம் இழுக்கும் இடத்திலே அம்பாவும் ஓய்கிறது. அதன் இடையிடையே வீசப்பட்ட கேலிச் சொல்லும் ஓய்கிறது. பொருளைப் பின்னர் பார்க்கச் செல்வோருக்குச் சொல்லித்தர ஆள் இருக்கமாட்டார்.

1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து நாட்டுக் கூத்தைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்று, அண்ணாவிமாரிடம் கற்று, மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கூத்தின் ஏட்டை மட்டும் பெற்றுத் திரும்பியிருப்பாராயின் ஈழத்து நாடகம் அடைந்த மலர்ச்சி கிட்டியிராது. ஆடியவரோடு சேர்த்தே ஆட்டத்தை அறிந்தமைதான் அப்பணியின் சிறப்பு. அதே நெறி பழமொழிக்கும் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் எண்ணிக்கைக்குப் பரிசளிப்பதை நிறுத்துதல் வேண்டும். ஆயிரம் பழமொழியின் பட்டியலை விட, ஒரே பழமொழியை உப்பளத்திலும் வாடியிலும் முகாமிலும் சந்தையிலும் எவரெவர் எவ்வெவ்வாறு வழங்கினர் என்று காட்டும் பத்துப் பக்கக் குறிப்பு மேலானது. அதனை எழுதுவதற்குப் பெருநிதி வேண்டாம். இரு மொழியும் அறிந்த மாணவரும், பெண்களிடம் கேட்கப் பெண் மாணவரும், வெயிலிற் கூட நின்று கேட்கும் பொறுமையும் போதும். கற்பிட்டியிலும் உடப்பிலும் முந்தலிலும் அப்பொறுமையோடு செல்பவர்க்குச் சொல்லப்படக் காத்திருப்பவை ஏராளம். அவற்றைச் சொன்னவரோடு சேர்த்து எழுதுவதே தொகுப்பு; ஏனையவை படியெடுப்பே.